எத்தோரேயின் படத்துக்குப் போட்ட மாலை

என் சிநேகிதி கிளியைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்கள் கடைசிவரை வாசித்துவிட்டுக் கேட்கட்டும். இப்போதே கேட்டால் எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அப்படிச் சொன்னதே கிளிதான்.

அவள் திருகோணமலை உப்புவெளிக்காரி. நான் பாலையூற்று. ஊரில் ஒருவரையொருவர் கண்டதில்லை. 1986 தை மாதம் மொன்றியல் விமான நிலையத்தில், குடிவரவு அதிகாரியின் அறைக்கு வெளியே ஒரே வாங்கில் இருந்து அழுதோம். இரண்டு பேருக்கும் முப்பத்தொரு வயது. நான் குளிரில் அழுதேன். அவள் புருஷனை விட்டுவிட்டு வந்ததற்கு அழுதாள். அவர் பெயர் நடராசா. முந்தின வருஷம் ஒரு சுற்றிவளைப்பில் கொண்டுபோன ஆமிக்காரர்கள் திருப்பி அனுப்பவில்லை. முகாம் முகாமாகப் போய் வாசலில் நின்றவளைப் பார்த்துப் பயந்துபோன அவளுடைய தமையன் யோகராசா, அடுத்தது உன்னைத்தான் பிடிப்பான்கள் என்று சொல்லி அவளைப் பிளேன் ஏற்றிவிட்டான். அன்றிலிருந்து மொன்றியலின் கோட்-டே-நேய்ஜ் பகுதியில் ஒரே அறையில் நானும் அவளும்.

வேலையும் ஒரே இடத்தில் கிடைத்தது. ஷபனேல் தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாம் மாடி. மொராந்தினி என்று இத்தாலியில் பெரிய பெயர் பெற்ற ஒரு குடும்பத்தின் தையற்கூடம். ஆண்களுக்கான கம்பளிக் கோட் மட்டும்தான் தைப்பார்கள். துணி இத்தாலியிலிருந்து கப்பலில் துறைமுகத்துக்கு வரும், இங்கே தைத்து அமெரிக்காவின் பெரிய கடைகளுக்குப் போகும். நான் கோட்டின் பொத்தான்களை, எங்கள் பேச்சில் தெறிகளை, கையால் தைக்கிறவள். கிளி நீராவி அயனில். ஒரு கோட்டின் கழுத்துப்பட்டியை அவள் அயன் பண்ணினால் அது ஆள் போட்டிருக்கிற மாதிரியே எழும்பி நிற்கும். முதலாளியம்மா லூசியா வேறொருவரையும் கழுத்துப்பட்டியைத் தொட விடமாட்டாள்.

அந்த வீட்டின் கதையை ஒரு வழுவழுப்பான புத்தகமாக அடித்து வைத்திருந்தார்கள். ஆங்கிலம் பழகுவதற்காக மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் அதை வாசித்துக் கிளிக்குத் தமிழில் சொல்வேன். 1937-ல் எத்தோரே மொராந்தினி என்ற இருபத்திரண்டு வயதுப் பொடியன் தகப்பனின் சின்னத் தையற்கடையைத் தன் பெயரில் பதிந்தான். முதல் கோட்டை ஊர் டாக்டருக்குத் தைத்தான். சண்டை முடிந்தபின் மிலானில் கடை, பிறகு நியூயோர்க்கில், பிறகு உலகமெல்லாம். கணக்கு வழக்கை ஓடியாடிப் பார்த்தவர் தம்பி சில்வியோ. அவருடைய மகள்தான் எங்கள் லூசியா. எத்தோரே வெளியே வருவதில்லை, பேட்டி கொடுப்பதில்லை. எழுபத்திரண்டு வயதிலும் ஒவ்வொரு வருஷத்தின் முதல் கோட்டையும் தன் அளவில் தைப்பித்து, தானே கழுத்துப்பட்டியைத் தடவிப் பார்த்த பிறகுதான் மற்றக் கோட்டுகளுக்குக் கத்தரிக்கோல் விழும். அப்படித்தான் புத்தகத்தில் இருந்தது.

"நல்ல மனிசன். ஒளிச்சிருந்தாலும் தன்ரை வேலையைப் பார்க்குது" என்றாள் கிளி.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சம்பளம் எடுக்கிற சனிக்கிழமைகளில் சென் உபேர் தெருவுக்குப் போய் ஒரு சேட்டு வாங்குவாள். கழுத்து பதினைந்தரை. நடராசா அண்ணைக்கு. இரண்டு கிழமைக்கு ஒன்று. வாங்கி, அயன் பண்ணி, கட்டிலுக்குக் கீழே சூட்கேசில் அடுக்குவாள். நிறம் தெரிவு செய்ய அவளுக்கு வராது, என்னைத்தான் கேட்பாள். "இது அவருக்கு எடுக்குமோ, மரியம்மா?" என்பாள். அவரை நான் கண்டதேயில்லை. ஆனாலும் இது எடுக்கும், இது எடுக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

1987 ஆடியில் இலங்கை-இந்திய ஒப்பந்தம் வந்தது. முகாம்களில் இருந்தவர்களை விடத் தொடங்கினார்கள். பெயர்ப் பட்டியல்கள் டெலிபோனில் மொன்றியல் வரைக்கும் வந்தன. கிளி ஒவ்வொரு பெயராகக் கேட்டாள். நடராசா என்று மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் வேறு ஊர்.

ஆவணிக் கடைசியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. என் அண்ணன் அருமைநாதன் எழுதியிருந்தார். சிவராசா என்று ஒருவர் முகாமிலிருந்து விடுதலையாகி வந்திருக்கிறாராம். நடராசாவும் அவரும் ஒரே அறையாம். நடராசா 1986 தையில் காய்ச்சலில் போய்விட்டாராம், சிவராசாவின் மடியில்தான் உயிர் போனதாம். 'தங்கச்சி, கிளியிடம் பக்குவமாகச் சொல்' என்று முடித்திருந்தார்.

பக்குவமாக. எழுதுகிறவனுக்கு என்ன, எழுதிவிட்டுப் போய்ப் படுத்துவிடுவான். பக்கத்துக் கட்டிலில் படுப்பவள் நான். வருகிற தையில் அவளுக்கு அகதி விசாரணை இருந்தது, அது முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவள் குரலெடுத்து அழப்போவதைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை. கடிதத்தை ஹாண்ட்பாக்கில் செபப் புத்தகத்துக்குள் வைத்தேன். அது அங்கேயே இருந்தது.

புரட்டாசியில் நடராசாவின் தமையன் பூபாலசிங்கம் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் எழுபதுகளிலேயே வந்த எஞ்சினியர், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு. உள்ளே போனால் ஹோலில் நடராசாவின் படம், சந்தனப் பொட்டு, மாலை, முன்னால் விளக்கு. "பட்டியலிலை பேர் இல்லை, கிளி. இனி என்னத்துக்குக் காத்திருக்கிறது" என்றார். கிளி மாலையைப் பிடித்து இழுத்து அறுத்தாள், சேலைத் தலைப்பால் பொட்டைத் துடைத்தாள், படத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். "கண்ணாலை கண்டவன் ஒராள் வந்து சொல்லட்டும். அதுக்கு முதல் ஆரும் அவருக்கு மாலை போடேலாது" என்று பஸ்ஸில் என்னிடம் சொன்னாள். ஹாண்ட்பாக் என் மடியில் இருந்தது. நான் ஓம் என்றேன்.

அதற்குப் பிறகும் சேட்டு வாங்கப் போனோம்.

கார்த்திகை மாதம் ஒரு வியாழக்கிழமை நான் பல் பிடுங்கப் போனதால் வேலைக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை, ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி வீங்கியபடி போனால், வாசலுக்கு நேரே சுவரில் ஒரு பெரிய படம். கறுப்புச் சட்டம். கறுப்பு வெள்ளையில் ஒரு இளந்தாரி. மேலே சின்ன லைட் எரிகிறது. படத்தின் குறுக்கே முழ நீளத்தில் ஒரு வெள்ளை மாலை, நெற்றியில் அச்சொட்டாக ஒரு குங்குமப் பொட்டு.

இந்தத் தெரு முழுக்கத் தேடினாலும் இந்த வேலை செய்யக்கூடிய ஆள் ஒருத்திதான்.

"கிளி, இதென்ன பார்த்து வைச்சிருக்கிறாய்?"

"ஏன், வடிவாய் இல்லையே? இந்தக் குளிருக்கை பூவுக்கு எங்கை போறது. லைனிங் துண்டை மடிச்சு மடிச்சுக் கட்டினன். செத்த மனிசனை மொட்டைப் படமாய்க் கொழுவி வைச்சிருக்கினம். பார்க்க ஏலாமல் கிடந்தது."

"ஆரடி செத்தது?"

"எத்தோரே. நேற்று வந்து பார்த்தால் படம், லைட். லூசியா தலையிலிருந்து கால் வரைக்கும் கறுப்பு. புதன்கிழமை ஒரு கோட் தந்தவள், ஆற்றையும் பேர் இல்லை, ஓடர் நம்பர் இல்லை, கவனமாய் அயன் பண்ணு எண்டு. சவப்பெட்டியிலை வைச்சு உடுத்திறதுக்கு வேறை என்னத்தைக் குடுப்பினம்?"

எனக்கு வந்த கோபத்தில் பல்லுப் போன இடம் விண் விண் என்று இடித்தது. "விசரி. இண்டைக்கு அம்பதாம் வருஷக் கொண்டாட்டம். அதுக்குத்தான் படம். அந்தக் கோட் வாற வருஷத்து முதல் கோட். இத்தாலிக்காரி கறுப்பு உடுத்தால் அது ஸ்டைல். ஆள் உயிரோடை இருக்குது. தம்பிக்காரன் இப்ப வரப்போறார்."

கிளியின் கை தாலிக்குப் போனது. "உயிரோடை இருக்கிற ஒராளுக்கோ நான் மாலை போட்டனான்?" என்றாள். பூபாலசிங்கம் வீட்டில் தனக்கு நடந்ததை வேறொரு வீட்டுக்குத் தானே செய்துவிட்டேன் என்பது அவள் கண்ணில் தெரிந்தது. ஸ்டூலை இழுத்துக்கொண்டு படத்தடிக்கு ஓடினாள். ஏறுவதற்குள் லிப்ட் கதவு திறந்தது.

லூசியா முன்னால் வந்தாள். பின்னால் பொல்லு ஊன்றிக்கொண்டு ஒரு சின்ன மனிதர், சில்வியோ. தையற்பெண்கள் எல்லோரும் எழும்பிக் கை தட்டினார்கள். அவர் சிரித்துக்கொண்டே வந்தார், படத்தைப் பார்த்தார், நின்றுவிட்டார்.

அவர் பார்த்தது மாலையை அல்ல, அந்தச் சிவப்புப் பொட்டை.

கை தட்டல் ஒவ்வொன்றாக நின்றது. லூசியாவுக்கு விளங்கவில்லை. யாரோ அலங்காரம் பண்ணியிருக்கிறார்கள், எவ்வளவு அழகு என்று இங்கிலிசில் சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். கிளி பேசாமல் நின்றிருக்கலாம். அப்படி நின்றிருந்தால் இது வெறும் அலங்காரமாகவே போயிருக்கும். ஆனால் அவள் அப்படிப்பட்டவள் இல்லை. முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான்தான் செய்தனான். எங்களிலை செத்தவையின்ரை படத்துக்குத்தான் மாலை போடுறது. அவர் செத்துப்போனார் எண்டு பிழையாய் நினைச்சிட்டன். என்னை மன்னிக்கச் சொல்லு, மரியம்மா. அவருக்கு ஒண்டும் வராது, நான் நேர்த்தி வைக்கிறன் எண்டு சொல்லு."

நான் இங்கிலிசில் சொன்னேன். லூசியா முகம் வெளுத்து இத்தாலியனில் சொன்னாள். கிழவர் வெட்டுமேசைக்குப் பக்கத்து ஸ்டூலில் மெல்ல இருந்தார். அவர் கேட்டதை லூசியா எனக்குச் சொன்னாள்: "நெற்றியில் குண்டு பட்டது என்று இவளுக்கு யார் சொன்னது?"

எந்தக் குண்டு? நான் லூசியாவைப் பார்த்தேன். லூசியா தகப்பனைப் பார்த்தாள்.

பெரியப்பா எழுபத்திரண்டு வயதில் இத்தாலியில் இருக்கிறார் என்பது புத்தகத்துக்காகச் சொன்ன கதை என்று லூசியாவுக்குத் தெரியும். அதை அவளே அந்த இடத்தில் எங்களிடம் சொன்னாள், நாக்குத் தடுமாறி. எத்தோரே 1942-ல் ரஷ்யச் சண்டைக்குப் போனவர். அடுத்த தையில் பனிக்குள் காணாமல் போனவர். மகன் வருவான் என்று தாய் இருந்தபடியால் செத்தவராகப் பதியவில்லை. கடை அவர் பெயரில் இருந்தது, அவர் பெயரிலேயே வளர்ந்தது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. நாங்கள் தைத்த ஒவ்வொரு கோட்டின் உள் லேபிளிலும் இருந்தது, இல்லாத ஒரு மனிதனின் கையெழுத்து.

கிழவர் திரும்பவும் பேசத் தொடங்கினார். லூசியா இரண்டு வசனம் மொழிபெயர்த்தாள். மூன்றாவதில் நிறுத்திவிட்டாள். அதை அவளும் அப்போதுதான் கேட்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள். கிழவர் அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, உடைந்த இங்கிலிசில் தானே சொன்னார்.

1946 பங்குனியில் ஒரு சிப்பாய் அவர் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறான். எத்தோரேயின் கூட்டாளி. நெற்றியில் குண்டு, இந்த இடம் என்று தொட்டுக் காட்டியிருக்கிறான், கண்ணை நான்தான் மூடினேன் என்றிருக்கிறான். கோட்டிலிருந்து வெட்டிய ஒரு கொம்புத் தெறியைக் கையில் கொடுத்திருக்கிறான். கிழவர் வெயிஸ்ட்கோட்டுப் பைக்குள் விரலை விட்டு அதை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். நான் ஒவ்வொரு நாளும் தைக்கிற அதே தெறி. உள்ளேயிருந்து தாய், யார் வந்தது என்று கேட்டிருக்கிறா. துணி விற்க வந்தவன் என்று இவர் சொல்லியிருக்கிறார்.

"நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வருஷம் போனபின் இரண்டு விஷயம் சொல்லவேண்டியதாகிவிட்டது. அவன் செத்தது ஒன்று. எனக்குத் தெரிந்திருந்தது மற்றது. முதலாவதை அம்மா தாங்கியிருப்பாள்."

அதற்குப் பிறகும் தாய் இருபத்தைந்து வருஷம் காத்திருந்தாவாம். வருஷத்தின் முதல் கோட்டை மகனுடைய அளவில் தைக்கச் சொன்னது அவதான். கழுத்துப்பட்டியைத் தடவிப் பார்த்ததும் அவதான். பார்த்துவிட்டு ஒரு அறையில் கொழுவி வைப்பாவாம். 1971-ல் அவ போனபோது அந்த அறையில் இருபத்தைந்து கோட்.

இதையெல்லாம் நான் கிளிக்குச் சொல்லவேண்டும். சொன்னேன். ரஷ்யா, பனி, தெறி, கோட் எல்லாம் சொன்னேன். "சண்டையிலை செத்துப்போனார். செய்தி பிறகு வந்ததாம்" என்று முடித்தேன்.

கிளி என்னைப் பார்க்கவில்லை, லூசியாவைப் பார்த்தாள். "அந்தப் பிள்ளை ஏன் தேப்பனை அப்பிடிப் பார்க்குது? நீ முழுக்கச் சொல்லேல்லை."

"சொல்லிப்போட்டன்."

"மரியம்மா."

நான் சொன்னேன். கிழவருக்குத் தெரியும், ஆனால் தாயிடம் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று விட்டுவிட்டார். பிறகு சொல்ல முடியாமல் போனது. வீங்கின கன்னத்தோடு ஒவ்வொரு சொல்லையும் தமிழில் நானே என் வாயால் சொன்னேன். ஹாண்ட்பாக் தோளில் தொங்கியது. அந்த நேரம் எனக்கு வந்த வெட்கத்தை இவ்வளவு காலத்துக்குப் பிறகு எழுதும்போதும் காது சுடுகிறது.

கிளி கிழவருக்குக் கிட்டப் போனாள். "அந்த அம்மா சாகிற அண்டும் கேட்டவவோ?" என்றாள்.

நான் கேட்டேன். அவர் தலையாட்டினார். இந்த வருஷத்துக் கோட்டில் கழுத்து சரியாக இருக்கிறதா, அவனுக்குப் பிடிக்குமா என்று கேட்டாவாம்.

கிளி ஸ்டூலில் ஏறினாள். மாலையைக் கழற்றப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒரு பக்கம் சரிந்திருந்ததை நேராக்கிவிட்டு இறங்கினாள். கிழவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். லூசியா கிட்டப் போகவில்லை. கொண்டாட்டம் அதோடு முடிந்தது. அடுத்த வருஷத்துப் புத்தகத்தில் எத்தோரேயின் பெயருக்குக் கீழே 1915 – 1943 என்று அடித்திருந்தது.

எங்களை இரண்டு மணிக்கே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். பஸ் தரிப்பில் நானும் கிளியும்தான். பனி தூறிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தை விட்டால் நான் சாகும்வரைக்கும் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"கிளி, என்னட்டை ஒரு கடிதம் இருக்கு. ஊரிலையிருந்து. அவரோடை ஒரே அறையிலை இருந்த ஒராள் சொன்னது."

என்ன கடிதம் என்று அவள் கேட்கவில்லை. திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். என்னைத் தெரியாதவள் போல.

"எப்ப வந்தது?"

"ஆவணிக் கடைசியிலை."

கையுறையைக் கழற்றினாள். விரல் மடித்து எண்ணினாள்.

"அதுக்குப் பிறகு ஆறு சேட்டு வாங்கினனான். ஆறுக்கும் நீதான் நிறம் சொன்னனி."

செபப் புத்தகத்துக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்தேன்.

அந்த இடத்திலேயே வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். மூன்று பஸ் வந்து கதவைத் திறந்து மூடிக்கொண்டு போயின. 'மடியில்தான் உயிர் போனது' என்ற இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னாள், திரும்பவும் வாசித்தேன். நான் பயந்த மாதிரி அவள் கத்தவில்லை. "தனிய இல்லை, என்ன? ஒராள் பக்கத்திலை இருந்திருக்குது" என்று மட்டும் சொன்னாள். பிறகு என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி, தன் கோட்டுக்குள் வைத்து, தெறியைப் பூட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூபாலசிங்கம் வீட்டில் செலவு, செத்தவருக்கான சடங்கு, செய்வதென்று முடிவானது. சனிக்கிழமை காலை எழும்பிப் பார்த்தால் கிளி நிலத்தில் இருக்கிறாள். முன்னால் நடராசா அண்ணையின் படம், பக்கத்தில் ஒரு பை நிறைய வெள்ளை லைனிங் துண்டு, ஒரு நூல் கட்டை. நூலையும் ஊசியையும் என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"நீ கட்டு."

"எனக்கு மாலை கட்டத் தெரியாது, கிளி."

"பழகு. மூண்டு மாதம் மறைக்கப் பழகினனியெல்லே."

இருந்தேன். துண்டை மடித்தேன், கட்டினேன், அவிழ்ந்தது. திரும்ப மடித்தேன். மத்தியானம் வரைக்கும் அவள் ஒரு துண்டைக்கூடத் தொடவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி முடிச்சு என் கைக்குள் நிற்காமல் நழுவி நழுவி ஓடியது. கண் தெரியவில்லை எனக்கு, கண்ணீர். அப்போதுதான் கிளி கையை நீட்டி, நூலின் மேல் தன் விரலை வைத்து, நான் முடிந்து முடிக்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.